மூச்சு கிளாஸ்

கரட்டூர் சமுதாயக்கூடத்தில் வியாழக்கிழமைதோறும் மூன்றரை மணிக்கு ஜெயக்கொடி பாய் விரிப்பாள். விரித்த கையோடு மேற்குப் பக்கத்து ஜன்னல் இரண்டையும் இழுத்துச் சாத்துவாள். சாத்தியும் பிரயோசனம் இல்லை. நாலு மணிக்கு எறகு கம்பெனியில் கொப்பரையைத் திறப்பார்கள். ஆனி மாதத்து மேல்காற்று அந்த வாடையை அப்படியே அள்ளி வந்து ஊரின் முகத்தில் அப்பும்.

மதுரை டவுனுக்குள் கோழிக்கடைகளில் அறுத்து மிஞ்சுகிற இறகு, குடல், தலை எல்லாம் நீல டிரம்களில் அடைபட்டு மத்தியானத்துக்கு மேல் கரட்டூர் வந்து சேரும். வழி நெடுக சொட்டிக்கொண்டே வரும். தார் ரோட்டில் அந்தச் சொட்டுக் கோட்டின் மேல் ஈ அப்பிக் கிடக்கும். கம்பெனியில் அவ்வளவையும் கொப்பரையில் கொட்டி, நீராவியில் வேகவைத்து, பிழிந்து காயவைத்து, மாவாக அரைத்து மீன் தீவனத்துக்கு மூட்டை பிடிப்பார்கள். அது வேகும்போது கிளம்புகிற வாடையைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. எலி செத்துக் கிடந்தால் தேடி எடுத்து வெளியே போட்டுவிடலாம். இதை எங்கே தேடுவது. மயிர் கருகுவது, முட்டை அழுகுவது, கொழுப்பு காய்ச்சுவது மூன்றும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் ஆடை மாதிரி படிந்துவிடும். சோற்றில் இருக்கும். கொடியில் காய்கிற துணியில் இருக்கும். தலையில் தேய்க்கிற எண்ணெயில் இருக்கும்.

அந்த நேரத்தில்தான் ஜெயக்கொடி சொல்வாள்: "எல்லாரும் கண்ண மூடிக்கங்க. மூச்ச மெதுவா உள்ள இழுங்க. இழுக்கிறது மட்டும்தான் கவனத்துல இருக்கணும்."

பெண்கள் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு கண்ணை மூடுவார்கள்.

மதுரை கே.கே. நகரில் ஆபீஸ் வைத்திருந்த நிறைமனம் அறக்கட்டளை அவளை வேலைக்கு எடுத்திருந்தது. கிராமத்து மக்களுக்கு மனக்கவனப் பயிற்சி கொடுப்பது, கவலையும் படபடப்பும் குறைய வழி சொல்லித்தருவது என்று பத்து ஊர்களில் வகுப்பு நடந்தது. ஊர்க்காரர்கள் அதற்கு மூச்சு கிளாஸ் என்று பேர் வைத்தார்கள்.

ஜெயக்கொடிக்கு அந்தப் பயிற்சி மேல் நம்பிக்கை இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் பாண்டியராஜன் திருமங்கலம் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனார். அதற்குப் பிறகு அவளால் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. வண்டி நகர்ந்ததும் நெஞ்சை யாரோ முழங்காலால் மிதிப்பது போல இருக்கும், வேர்த்துக் கொட்டும். பெரியாஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "காலத் தரையில ஊனு. ஊனுனது தெரியுதா. இப்ப ஒரு மூச்சு. அடுத்தத நினைக்காத" என்று சொல்லிக்கொடுத்தாள். அப்படி ஒவ்வொரு மூச்சாகத்தான் அவள் மறுபடி பஸ் ஏறினாள். அறக்கட்டளையின் பன்னிரண்டு நாள் பயிற்சியில் இந்தக் கதையைச் சொன்னபோது அதன் இயக்குநர் ராம்கி கண் கலங்கினார். "ஒங்கள மாதிரி அனுபவப்பட்டவங்கதான் மேடம் எங்களுக்கு வேணும்" என்றார்.

மூன்றாவது வகுப்பில் ஆளுக்கொரு உலர்ந்த திராட்சை கொடுத்தாள். அது பாடத்தில் உள்ளது. திராட்சையை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும், முகர வேண்டும், நாக்கில் வைத்து உடனே கடிக்காமல் ருசியைக் கவனிக்க வேண்டும். நாலு மணி தாண்டிவிட்டது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த தங்கப்பொண்ணு திராட்சையை மூக்குக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"டீச்சர், இதுலயும் அதுதான் அடிக்குது."

"அது வெளியே இருந்து வருதுக்கா. நீங்க பழத்த மட்டும் கவனிங்க."

"வாயில போட்டுட்டுக் கடிக்காம வச்சிருக்கச் சொல்றீங்களே, கோழிக் கண்ண வச்சிருக்க மாதிரி இருக்கு."

பின்னாலிருந்து ஒருத்தி எழுந்து ஓடிப்போய் வாசலில் துப்பினாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் ஓடினார்கள். ஜெயக்கொடி தன் வாயில் இருந்த திராட்சையைக் கடிக்காமல் அப்படியே விழுங்கினாள்.

வகுப்பு கலைந்ததும் தங்கப்பொண்ணு மட்டும் நின்றாள். ஐம்பதை நெருங்கிய ஆள். விடியக்காலையில் வெண்டைக்காய் பறிக்கப் போகிறவள். முழங்கை வரை சுணை அரித்துத் தடித்திருந்தது.

"டீச்சர், எம்மக மாசமா இருக்கு. ஏழு நடக்குது. தலப்பிரசவத்துக்குக் கூட்டியாந்திருக்கேன். வந்த நாள்ல இருந்து ஒரு வாய் சோறு தங்கமாட்டேங்குது. நீங்க வந்து அதுக்கு எதாவது சொல்லிக்குடுங்க."

இரண்டு பத்தி ஓட்டு வீடு. உள்ளே ஆர்த்திகா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வயிறு மட்டும் இருந்தது. கையும் கழுத்தும் குச்சியாகக் கிடந்தன. பக்கத்தில் சாம்பல் போட்ட சட்டி. தட்டில் நார்த்தங்காய் ஊறுகாயும் ஆடை கட்டிப்போன கஞ்சியும் இருந்தன.

"ரெண்டு கிலோ கொறஞ்சிருச்சுன்னு நர்ஸம்மா சொல்லுது" என்றாள் தங்கப்பொண்ணு. "இப்பிடியே போனா ஆஸ்பத்திரியில சேத்துரணுமாம். சம்பந்தகாரவுக உசிலம்பட்டிக்கே திரும்பக் கூட்டிட்டுப் போறோம்னு நிக்கிறாக. ஒரு பொண்ணு. அதுக்கு ஒரு பேறுகாலம் பாக்க வக்கில்லாத வீடுன்னு ஆகிப்போகும்ல."

அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஜெயக்கொடி கைப்பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் காட்டி, "இருக்குக்கா" என்றாள். தங்கப்பொண்ணு செம்பைக் கீழே வைத்தாள்.

"வாடைக்குத்தான் குடிக்கலன்னு நெனச்சுக்கிறேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை.

ஜெயக்கொடிக்கு முகம் சுட்டது. அவள் அப்பா ஊரில் இந்த மாதிரித் தெருவுக்குள் அவள் காலெடுத்து வைத்ததில்லை. வாடைக்குத்தான் என்று அவளாலேயே முழுதாகச் சொல்ல முடியவில்லை.

அப்போது வாசலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் சத்தம் கேட்டது. ஆர்த்திகா உடனே சட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வந்தவன் அவள் அப்பா பேச்சிமுத்து. வாசலில் இருந்து பத்தடி தள்ளி நின்றுகொண்டான்.

"சாப்பிட்டாளா?" என்று அங்கிருந்தே கேட்டான்.

"இல்ல."

"கொஞ்சம் நீராகாரமாச்சும் குடு" என்று சொல்லிவிட்டு மோட்டார் ரூம் தொட்டிப் பக்கம் போனான்.

அவனுக்குக் கொப்பரை வாயில் வேலை. டிரம்மைக் கவிழ்த்து, சவளால் தள்ளி உள்ளே விட வேண்டும். ஐந்து மாதமாகப் போகிறான். வெண்டைக்காய்க் காட்டுக் கூலியில் ஓடாத வீடு அதில் ஓடியது. ஆனால் அந்த வாடை அவன் மேலேயே ஏறிக்கொண்டுவிட்டது. தினமும் சீயக்காய், எலுமிச்சந்தோல், புளி, சோப்பு என்று மாற்றி மாற்றித் தேய்த்து இரண்டு தடவை குளிப்பான். தோல் உரிந்து சிவந்துபோகும். நகக்கண்ணிலும் காது மடலிலும் அது இருந்துகொண்டே இருக்கும். மகள் வந்த அன்றைக்கு ஆசையாக உள்ளே ஓடிப்போய் தலையைத் தொட்டிருக்கிறான். அவள் அவன் கை மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அவனுக்கு மோட்டார் ரூமில்தான் சோறும் படுக்கையும்.

ஜெயக்கொடி ஆர்த்திகாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கண்ண மூடு தாயி. மூச்சு உள்ள போறதக் கவனி."

ஆர்த்திகா மூடினாள். மூன்று மூச்சுக்குள் நெற்றியில் வேர்வை பொடித்தது.

"மூச்ச கவனிச்சா வாடைதான் டீச்சர் தெரியுது."

"அது வாடைன்னு மட்டும் பாரு. நல்லது கெட்டதுன்னு பிரிக்காத. சும்மா வந்துட்டுப் போகுதுன்னு பாரு."

"எங்க டீச்சர் போகுது?" என்றாள் ஆர்த்திகா. "வந்து உக்காந்துதான் இருக்கு."

சொல்லி முடிக்கவில்லை, சட்டியில் குனிந்துவிட்டாள். மஞ்சளாகத் தண்ணீர் மட்டும் வந்தது. ஜெயக்கொடி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுக்கத் தன்னிடம் வேறு ஒன்றும் இல்லை என்பது அந்த முதுகெலும்பு கையில் தட்டியபோது அவளுக்குத் தெரிந்தது.

எட்டு வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு படிவம். அதில் ஐந்து முகம் வரைந்திருக்கும். அழுகிற முகத்தில் தொடங்கி பல் தெரியச் சிரிக்கிற முகம் வரை. பயிற்சிக்கு முன்னால் எது, பின்னால் எது என்று டிக் போட வேண்டும். பெண்கள் பேனாவை வைத்துக்கொண்டு முழித்தார்கள். நேரமாகிவிட்டது, கொப்பரையைத் திறந்துவிட்டார்கள், எல்லாருக்கும் கிளம்பினால் போதும் என்றிருந்தது.

"எதுல போடணும்னு நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்றாள் தங்கப்பொண்ணு.

"முன்னால அழுகுற மூஞ்சி. பின்னால சிரிக்கிற மூஞ்சி" என்றாள் ஜெயக்கொடி. எழுதக் கை வராத பதினாலு பேருக்கு அவளே டிக் போட்டு, கைநாட்டு மட்டும் வாங்கிக்கொண்டாள். எல்லா ஊரிலும் அப்படித்தான் நடந்தது. இதனால் யாருக்கு என்ன கெடுதி என்று அவள் நினைத்தாள்.

கெடுதி என்னவென்று பத்து நாள் கழித்து ஆபீஸில் தெரிந்தது. ராம்கியின் மேசையில் வழவழ தாளில் ஒரு புத்தகம் அடுக்கி வைத்திருந்தார்கள். அட்டையில் தங்கப்பொண்ணு. கண்ணை மூடி, முகத்தைக் கொஞ்சம் தூக்கி உட்கார்ந்திருந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்த படம். பார்க்கிறவர்களுக்குத் தியானம் மாதிரி இருக்கும். கீழே, 'மாற்றம் வெளியில் இல்லை, மனதில்' என்று போட்டிருந்தது. பின்னட்டையில் நிதி உதவி என்ற இடத்தில் எறகு கம்பெனியின் பேர்.

ஜெயக்கொடி இரண்டு தடவை வாசித்தாள்.

"சார், இது அந்தக் கம்பெனி."

"ஆமா மேடம். அவங்க உதவியாலதான் அந்தப் பக்கத்து நாலு ஊர்ல நடத்துனோம். ஊர்ல கலெக்டர் ஆபீஸுக்கு மனு குடுத்திருக்காங்கல்ல, அடுத்த புதன் விசாரணைக்கு வாராங்க. இந்த ரிப்போர்ட்ட வைக்கப் போறோம். தொண்ணூத்திரண்டு சதவீதம் பேர் மன நிறைவோட இருக்காங்க. அருமையா வேலை பாத்திருக்கீங்க."

"அது நான் போட்ட டிக் சார்."

ராம்கி சிரித்தார். எப்போதும் குரலை உயர்த்தாதவர்.

"உக்காருங்க மேடம். கம்பெனிய மூடுறதும் தெறக்குறதும் நம்ம வேலையா? அங்க நடக்கிறத அவங்க எப்படி எடுத்துக்கிறாங்கங்கிறதுதான் நம்ம வேலை. வெளியே இருக்கிறத மாத்த முடியாது. உள்ள இருக்கிறத மாத்தலாம். இத நீங்கதான நல்லா உணர்ந்தவங்க?"

"என் வீட்டுக்காரர் செத்துட்டாரு சார். அத மாத்த முடியாது. கொப்பரைய மூடலாம்ல."

"கோவத்துல பேசுறீங்க. ஒரு அஞ்சு நிமிஷம் மூச்ச கவனிச்சிட்டு வாங்க, பேசுவோம்."

குளிர்ச்சியான அந்த அறையில் லெமன்கிராஸ் எண்ணெய் வாசம் இருந்தது. ஜெயக்கொடிக்குக் கரட்டூரில் வராத குமட்டல் அங்கே வந்தது. கக்கூஸுக்குப் போய் முகத்தைக் கழுவினாள். கண்ணாடியில் தெரிந்த மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பதினாலு கட்டை விரலைப் பிடித்து மையில் ஒற்றியது தன் கைதான் என்பதையே திரும்பத் திரும்ப நினைத்தாள்.

திங்கட்கிழமை அவளாகவே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கரட்டூர் போனாள். நாகமலையைத் தாண்டி இறங்கினதும் வழக்கமாக முகத்தில் அறைகிற வாடை இல்லை. கம்பெனியின் புகைபோக்கி சும்மா நின்றது. ரோட்டோரம் பிளீச்சிங் பவுடர் கோலம் மாதிரி போட்டிருந்தது. தங்கப்பொண்ணு வீட்டில் ஆர்த்திகா தட்டப்பயறுக் குழம்பு ஊற்றிச் சோறு தின்றுகொண்டிருந்தாள். மூன்றாவது தடவையாகப் போடச் சொல்லி தட்டை நீட்டினாள்.

"பாத்தீங்களா டீச்சர்" என்றாள் தங்கப்பொண்ணு. அவள் முகம் பூரித்துக் கிடந்தது. "மருந்து வேணாம், மாத்திர வேணாம். மூணு நாளு அவய்ங்க கொப்பரைய மூடுனாய்ங்க, எம்புள்ள முழுசாத் திங்குது."

"அதிகாரி வந்துட்டுப் போற வரைக்கும்தான் மூடுவாங்கக்கா."

"தெரியும்."

"அன்னைக்கு நீங்க உள்ளத சொல்லணும்."

தங்கப்பொண்ணு கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "அவரு அங்கதான வேலை பாக்குறாரு. நான் சொன்னா நாளைக்கு யாரு வேலை குடுப்பா? நீங்க டிக் போடச் சொன்னீங்க, போட்டேன். இப்ப மாத்திச் சொல்லச் சொல்றீங்க. ஒங்களுக்கு என்ன டீச்சர், சாயங்காலமானா வண்டிய எடுத்துட்டு நல்ல காத்துக்குப் போயிருவீங்க."

ஜெயக்கொடி கைப்பையைக் கீழே வைத்தாள். "கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா" என்றாள். தங்கப்பொண்ணு செம்பை எடுத்துக் கொடுத்தாள். இப்போது வாடையே இல்லாத நாளில் அந்தத் தண்ணீரைக் குடிப்பதும் ஒரு பொய் போலத்தான் அவளுக்குத் தோன்றியது. இருந்தாலும் முழுதாகக் குடித்தாள்.

புதன்கிழமை விசாரணை சமுதாயக்கூடத்தில் நடந்தது. அதிகாரி வயதானவர், சாது மாதிரி இருந்தார். வந்ததும் ஜன்னல் பக்கம் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான இருக்கு" என்றார்.

ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். ராம்கி அமைதியாகப் புத்தகத்தை நீட்டினார். அதிகாரி புரட்டிவிட்டு அட்டையையும் எதிரே இருந்த தங்கப்பொண்ணு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்கதானம்மா? சிரிச்ச மூஞ்சியில டிக் போட்டிருக்கீங்க. இப்ப நல்லாருக்கீங்களா?"

தங்கப்பொண்ணு கம்பெனி மேனேஜர் நின்ற பக்கம் பார்த்தாள். தலையைக் குனிந்து, "ஆமா சார்" என்றாள்.

ஜெயக்கொடி எழுந்தாள். "சார், நான்தான் கிளாஸ் எடுத்தவ. அந்த டிக் பூராம் நான் சொல்லிப் போட்டது. பதினாலு தாள்ல நானே போட்டேன். நாலு மணிக்கு ஜன்னலச் சாத்திட்டுத்தான் கிளாஸ் எடுத்தேன். ஒரு நாள் கூட இவங்களால முழு மூச்சு இழுக்க முடிஞ்சதில்ல."

ராம்கி அதிகாரியின் காதுப் பக்கம் குனிந்தார். ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். மேடம் கொஞ்சம் மனசளவுல பாதிக்கப்பட்டவங்க. வீட்டுக்காரர் ஆக்சிடென்ட்ல தவறினதுல இருந்து அப்பப்ப இந்த மாதிரி வரும். பஸ்ல கூட ஏற மாட்டாங்க. நாங்கதான் ஆதரவா வச்சிருந்தோம்."

கூடம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. பயிற்சியில் அழுதுகொண்டே அவள் சொன்ன அதே வார்த்தைகள். இந்த ஆள் கண் கலங்கிக் கேட்ட வார்த்தைகள். எங்கேயோ எடுத்துப் பத்திரமாக வைத்திருந்து இப்போது அவள் மேலேயே காறித் துப்பியிருக்கிறான். ஜெயக்கொடிக்கு நெஞ்சை முழங்கால் வந்து அழுத்தியது. காலைத் தரையில் ஊன்றினாள்.

வாசல் பக்கம் சலசலப்பு. உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு விலகினார்கள். பேச்சிமுத்து உள்ளே வந்தான்.

ஐந்து நாளாகக் கொப்பரையை மூடிவிட்டு அவனைக் கழிவுக் குழிக்குள் இறக்கியிருந்தார்கள், அடி வண்டலைச் சுரண்டி அள்ள. குளிக்காமல் நேராக வந்திருந்தான். கால் சட்டை முழங்கால் வரை கறுத்து ஒட்டிக்கிடந்தது. தாடியில் ஒரு சின்ன இறகு. அவனோடு சேர்ந்து அந்த வாடையும் உள்ளே வந்தது. ஐந்து நாள் நல்ல காற்றில் பழகியிருந்த ஊர்ச் சனமே முகத்தைத் திருப்பியது. ஒரு பிள்ளை ஓங்கரித்தது. தங்கப்பொண்ணு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவன் அதிகாரிக்கு முன்னால் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அதிகாரி கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"எடுத்துராதீங்க சார்" என்றான் பேச்சிமுத்து. "அத வச்சுக்கிட்டே கேளுங்க. கொப்பரைய மூடச் சொல்லி வெள்ளிக்கிழமையே ஆடர் வந்துருச்சு. அதான் ஒங்களுக்கு வாடை தெரியல. நாளைக்குத் தெறந்துருவாக. இங்க இருக்கவுக மூக்குல நெதமும் இதுதான். நான் ரெண்டு வேளையும் குளிக்கிறேன். குளிச்சாலும் இதுதான். எம்மக மாசமா வந்திருக்கு. இன்னவரைக்கும் அது பக்கத்துல போயி ஒரு வார்த்த கேக்கல. நாய்க்குப் போடுற மாதிரி எனக்குச் சோறு வெளியே வருது. அதுக்கு அவுகள ஒண்ணும் சொல்லல. எனக்கே என்னையப் பிடிக்கல."

மேனேஜர், "யோவ், வெளிய வா" என்றார்.

"வாரேன்" என்றான் பேச்சிமுத்து. எழுந்திருக்கவில்லை. ராம்கி பக்கம் திரும்பி, "சார், ஒரு பத்து நிமிசம் பக்கத்துல உக்காந்து மூச்ச இழுத்துக் காட்டுங்க. நானும் கத்துக்கிறேன்" என்றான்.

ராம்கி அசையவில்லை. செண்ட் போட்ட கைக்குட்டையை வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அதிகாரி ஏதோ எழுதினார். எழுதும்போது அவருக்குக் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. அது அந்தக் காட்டத்தினால்தான். எழுதி முடித்த வேகத்தில் எழுந்து ஜீப்புக்குப் போனார்.

பேச்சிமுத்து தன் வீட்டு வழியாகப் போகாமல் குளத்தைச் சுற்றிக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனான். ஊரே பார்த்துவிட்டதே என்ற கூச்சம் அவன் நடையில் இருந்தது. தங்கப்பொண்ணு பின்னாலேயே போனாள். ஜெயக்கொடி இரண்டு பேரையும் கூப்பிடவில்லை.

வாடையை உறிஞ்சுகிற கருவி வைக்கும் வரை ஓட்டக்கூடாது என்று கம்பெனிக்கு உத்தரவு வந்தது. பதினெட்டாவது நாள் ஒரு தகரப் பெட்டியை மாட்டிக்கொண்டு மறுபடி ஓட ஆரம்பித்தது. வாடை பாதியாகக் குறைந்தது என்று சிலர் சொன்னார்கள். இல்லை, பழகிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். பேச்சிமுத்துவுக்கும் ஜெயக்கொடிக்கும் ஒரே வாரத்தில் வேலை போயிற்று. நிறைமனம் அறக்கட்டளை ராம்கியின் படத்தோடு வேறு நாலு ஊரில் போர்டு வைத்தது. ஜெயக்கொடி ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்தாள். ஜன்னல் வழியாகத் துப்ப வேண்டும் போல இருந்தது. பின்னால் ஆள் இருந்ததால் விழுங்கினாள்.

அந்தப் பதினெட்டு நாளும் தின்ற சோற்றில் ஆர்த்திகா தேறிக்கொண்டாள். புரட்டாசி மூன்றாம் வாரம் பெண் பிள்ளை பிறந்தது. தங்கப்பொண்ணுதான் போன் பண்ணினாள். "ரெண்டே கால் கிலோ இருக்கு. கொஞ்சம் கம்மிதானாம். வந்து பாத்துட்டுப் போங்க" என்றாள். டீச்சர் என்று சொல்லவில்லை.

பிரசவ வார்டு வாசலில் பேச்சிமுத்து வெள்ளைச் சட்டை போட்டு நின்றிருந்தான். வேலை போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஜெயக்கொடியைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தான், பிறகு இரண்டடி பின்னால் போனான்.

"காலையில இருந்து உள்ள போகல" என்றான். "தங்கப்பொண்ணுட்ட கேட்டா ஒண்ணும் இல்ல, வாங்கங்கிறா. அவ எனக்காகச் சொல்லுவா. நீங்க சொல்லுங்க."

இரண்டு கைகளையும் நீட்டினான். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தான். ஒரு ஆணின் கையை, அதுவும் இவனுடைய கையை, மூக்குக்கு அருகில் கொண்டுபோவாள் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. குனிந்து முகர்ந்தாள். சோப்பு. பீடி. இன்னும் கொஞ்சம் இழுத்தால், அடியில், மெல்லிசாக அது.

"இருக்குண்ணே" என்றாள். "கொஞ்சூண்டு இருக்கு."

அவன் தலையாட்டினான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குழாய்ப் பக்கம் திரும்பினான்.

உள்ளே கட்டிலில் இருந்து ஆர்த்திகா, "அப்பா" என்றாள். "எங்க போறீங்க. வந்து புள்ளயப் பாருங்க."

"கை கழுவிட்டு வாரேன்."

"எம்புட்டுத்தான் கழுவுவீங்க. வாங்க."

அவன் போனான். கட்டிலோரம் நின்று, கையைப் பின்னாலிருந்து எடுக்காமல் குனிந்து பார்த்தான். ஆர்த்திகா துணிச்சுருளைத் தூக்கி அவன் நெஞ்சில் வைத்தாள். வேறு வழியில்லாமல் கையைக் கொண்டுவந்து தாங்கிக்கொண்டான். குழந்தை மூக்கைச் சுளித்துவிட்டுத் தூக்கத்திலேயே கிடந்தது. அவன் அழுதான், சத்தம் வரவில்லை.

ஜெயக்கொடி ஆர்த்திகாவைப் பார்த்தாள். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். உதடு இறுக்கி மூடியிருந்தது. மூச்சை அடக்கிய நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை.